மிச்ச வயர்

காளியப்பன் செத்துப்போனான் என்பது தீர்த்தம்மாளுக்குத் தெரிந்தபோது, அவள் அவனோடு வயரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பென்னாகரம் ரோட்டில் ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறியதில், பின்சீட்டு முதுகில் செருகியிருந்த வயர்ச் சுருள் அவிழ்ந்து இரண்டு பேர் மடியிலும் விழுந்தது. அதை வழித்துத் தள்ளிக்கொண்டே, "அஞ்சு வருசமா சொல்றன், இத ஒரு கட்டாக் கட்டுங்கன்னு. எங்க பாரு குடலாட்டம் தொங்குது. சொன்னா ஏறுதா உங்களுக்கு?" என்றாள்.

இதற்கு அவனிடம் நிரந்தரமாக ஒரு பதில் உண்டு. "தை பொறக்கட்டும் புள்ளே." அது வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாக்குவாதத்தில் அவள் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அதனாலேயே சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தாள். அவன் தலை அவள் தோளில் இருந்தது. பாதி மூடிய கண், மடியில் கிடந்த ஊதா வயரை, இது எங்கே போகிறது என்று யோசிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னதுதான். "வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, கேட்டதக் குடுங்க" என்று அவர் சொன்னபோதே அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். வீடு வரைக்குமாவது தாங்குவான் என்று நினைத்திருந்தாள்.

ஒப்பாரிக்காக வாயைத் திறந்தாள். முன்சீட்டில் பச்சியப்பனின் பிடரி தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

பச்சியப்பன் காளியப்பனின் அண்ணன். டிராக்டர் ஓட்டுவார் என்பதால் இந்த வண்டியையும் ஓட்ட ஒப்புக்கொண்டிருந்தார். ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியே உயிர் போன உடம்பு எல்லைக்கல்லைத் தாண்டி ஊருக்குள் வரக்கூடாது. வந்தால் ஊருக்கு ஆகாது. என்ன ஆகாது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் யாரும் மீறிப் பார்க்கவில்லை. போன ஐப்பசியில் சந்தைக்குப் போன இடத்தில் செத்த ஆண்டியை எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் வேலமரத்தடியில் கிடத்தினார்கள். நல்ல மழை. அவன் பெண்டாட்டி உடம்புக்கு மேலே உரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, சொந்தக்காரர்கள் கல்லுக்கு இந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்று முறைப்படி அழுதார்கள். ஒரு நாய் வந்து ஆண்டியின் காலை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கட்டுப்பாட்டை மறந்துவிடாமல் அன்றைக்கு ஊருக்கு ஞாபகப்படுத்தியவர் பச்சியப்பன்.

அன்று காளியப்பன் நனைந்து வந்து சோறு வேண்டாம் என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எது எப்படிப் போனாலும் என்ன வூட்டுக்குள்ள போட்ரு புள்ளே. நாய் மோந்து பாக்கற எடத்துல போட்றாத" என்றான். அவன் அவளிடம் கேட்டதிலேயே ஸ்பேனர் அல்லாத பொருள் அது ஒன்றுதான்.

தீர்த்தம்மாள் அவன் கண்ணை இழுத்து மூடினாள். தலையைத் தன் தோளில் நிமிர்த்தி வைத்தாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள்.

"எங் கால்மெட்டி எத்தன வாட்டி இதுல மாட்டி இழுத்துச்சு? கேட்டா, வெட்டக்கூடாதுன்னுவீங்க."

"இப்ப எதுக்கும்மா அவனத் திட்டற?" என்றார் பச்சியப்பன் முன்னாலிருந்து.

"திட்டலன்னா தூங்கிடுவாருங்க மாமா."

அந்த வண்டியைக் காளியப்பன் மோட்டார் காயில் கட்டும் கொட்டகையில், ஊருக்கு டி.வி. பெட்டி வருவதற்கு முன்னால் ஆரம்பித்து, பெட்டி வந்து ரிப்பேரான பிறகு முடித்தான். அடிச்சட்டம் ஏலத்தில் எடுத்த ஜீப்புடையது. எஞ்சின் ஓர் அம்பாசிடருடையது. சீட்டு பஸ்ஸினுடையது, பின்னால் 'பெண்கள்' என்று இன்னும் எழுதியிருந்தது. வயர் மட்டும் தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த ஒரு லாரியிலிருந்து முழுசாக உருவியது. லாரி நீளம், வண்டி குட்டை. வேறு யாராக இருந்தாலும் மிச்சத்தை வெட்டியிருப்பார்கள். காளியப்பன் வெட்டவில்லை. "வெட்டுனா ஒட்டுப் போடணும். ஒட்டுப் போட்ட எடத்துலதான் தீப்புடிக்கும்" என்பான். அதனால் பாதி லாரிக்கான வயர் போக இடமில்லாமல், டேஷ்போர்டுக்கு அடியிலும் சீட்டுக்குப் பின்னாலும் வளையம் வளையமாகத் தொங்கிற்று. ஊரில் அதற்குக் குடல் வண்டி என்று பேர். ஹாரனுக்குப் பொத்தான் கிடையாது. வயர்க் கூட்டத்திலிருந்து இரண்டு நுனிகளைத் தேடி ஒட்டவைத்தால் அடிக்கும். ஹாரனும் லாரியுடையதுதான்.

இண்டூர் நெருங்கும்போது பச்சியப்பன் தொண்டையைச் செருமினார். முன்னால் கட்டியிருந்த சைக்கிள் கண்ணாடியை ஒரு கையால் திருப்பி, அதில் தம்பியின் தலை தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

"டேய் காளியப்பா. பெரியவன் கேக்கறன், தப்பா எடுத்துக்காத. கெணத்துல உன் முறைத் தண்ணி இருக்குது பாரு..."

அண்ணன் தம்பிக்கு ஒரே கிணறு. வாரத்தில் பாதி நாள் தண்ணீர் அவருக்கு, பாதி நாள் இவர்களுக்கு. அந்த முறை போய்விட்டால் தீர்த்தம்மாளுடைய இரண்டு ஏக்கர், ஆடு மேய்வதற்குத்தான் ஆகும்.

"ஒரே பொண்ணு, அதயும் பொம்மிடில கட்டிக் குடுத்தாச்சு. உனக்கு அப்புறம் இவ ஒண்டிப் பொம்பள. மோட்டாரு, கரண்டுன்னு எங்க அல்லாடுவா? உன் முறையயும் நானே பாத்துக்கறன்டா. வாயத் தெறக்க முடியலன்னா வேணாம். சரின்னா தலையாட்டு, போதும்."

"இப்ப எதுக்குங்க மாமா அதெல்லாம்? பொழச்சி வரட்டும்."

"நீ இரு. நான் எந் தம்பிகிட்டப் பேசறன்."

ரோட்டை அரசாங்கம் எந்த வருஷம் போட்டதோ, அந்த இடத்தை மட்டும் விட்டிருந்தது. வண்டி குதித்தது. காளியப்பனின் தலை அவள் தோளிலிருந்து முன்னால் விழுந்து, மறுபடி பின்னால் சாய்ந்து, இன்னொரு குழியில் இன்னொரு தடவை முன்னால் விழுந்தது. வாழ்நாளில் அண்ணன் சொன்ன எதற்கும் தலையாட்டாதவன், இரண்டு முறை ஆட்டினான்.

"ஆட்டிட்டான்!" என்றார் பச்சியப்பன், கண்ணாடியைப் பார்த்து. "பாத்தியாம்மா? ஆட்டிட்டான்."

"வண்டி குலுங்குச்சுங்க மாமா."

"வண்டி குலுங்குனா உன் தல ஆடலியே. அவனுது மட்டுந்தான் ஆடுச்சு."

அவளுடைய தலை ஏன் ஆடவில்லை, அவனுடையது ஏன் ஆடியது என்பதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. அதைச் சொன்னால் வண்டி வேலமரத்தடியில் நிற்கும்.

இண்டூரைத் தாண்டி மண்ரோட்டில் திரும்பி, எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பச்சியப்பன் கியரை மாற்றக் காலைத் தூக்கினார். கால் வரவில்லை. தொங்கிய வளையம் ஒன்று செருப்போடு சேர்த்துக் காலைச் சுற்றியிருந்தது. உதறினார். எங்கேயோ எதுவோ பிடுங்கிக்கொள்ள, எஞ்சின் நின்றது.

"த்தூ! இதொரு வண்டி, இதுக்கொரு வயரு!" என்று காலை விடுவித்துக்கொண்டு, "டேய் காளியப்பா, எந்த வயருடா?" என்றபடி அவர் பின்னால் திரும்பப் பார்த்தார்.

"நீங்க திரும்பாதீங்க மாமா, நான் கேட்டுச் சொல்றன்." அவசரமாகக் குனிந்து காளியப்பனின் உதட்டருகே காதை வைத்தாள். ஆஸ்பத்திரி மருந்து வாசனை அடித்தது. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டால் சந்தேகப்படுவார் என்று தோன்றியது. "செவப்பு வயராம். தாயத்துக் கயிறு கட்டியிருக்கும், அதுங்களாம்."

வண்டி நின்றால் அவன் முதலில் தொடுவது அதைத்தான். ரிப்பேருக்கெல்லாம் டார்ச் பிடித்தவள் என்ற முறையில் அது அவளுக்குத் தெரியும். அவன் அதை எங்கே செருகுவான் என்பது தெரியாது. அந்த இடத்தை எப்போதும் அவன் தலை மறைத்திருக்கும்.

"அது இங்க கெடக்குது. எங்க சொருவறது?"

"கறுப்பு டப்பாவுலயாம்."

பச்சியப்பன் செருகினார். ஹாரன் அலறியது. அவர் துள்ளி மண்டையை மேலே இடித்துக்கொண்டு பிடுங்கினார். வரப்பில் நின்ற கொக்குகள் எல்லாம் பறந்து போயின.

"என்னம்மா சொல்றான் அவன்?"

தீர்த்தம்மாள் பிணத்தைப் பார்த்து அதட்டினாள். "ஏங்க, ஒழுங்காச் சொல்லுங்க! மாமா மண்ட ஒடஞ்சிருக்கும்!" மறுபடி காதை வைத்தாள். இந்தத் தடவை தன்னையறியாமல் உண்மையிலேயே கேட்டுப் பார்த்தாள். பிறகு, "நானே எறங்கிப் பாக்கறங்க. கை காட்டறாரு" என்றாள்.

இறங்க வேண்டுமானால் அவனை விட வேண்டும். விட்டால் சாய்வான். மடியில் கிடந்த சுருளை அவன் மார்போடு பஸ் சீட்டைச் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, சோளத்தட்டுக் கட்டுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டாள். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. அஞ்சு வருஷமாக எதற்கும் உதவாத வயர், ஆளை நிமிர்த்திப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவன்போல அவன் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மட்டும், அவனுடைய துண்டில் பாதியைக் கிழித்து நெற்றியோடு சீட்டுக் கம்பியில் கட்டினாள். மீதிப் பாதியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டாள்.

கீழேயிருந்து பார்த்தால் வயர்கள் ஒரு பெரிய வேப்பமரத்து வேர்போல இருந்தன. எல்லாவற்றிலும் அவன் கை அழுக்கு. கறுப்பு டப்பா ஒன்றில்லை, மூன்று இருந்தன. முதலாவதில் ஹாரன். இரண்டாவதில் செருகினாள், ஒன்றும் இல்லை. மூன்றாவதில் செருகியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் காளியப்பன் வழக்கமாக "ம்" என்பான். "ம்" என்று தானே சொல்லிக்கொண்டாள்.

கால் மறுபடி மாட்டக்கூடாது. தொங்கிய வளையங்களை எல்லாம் இரண்டு கையாலும் வாரி, புல்லுக்கட்டுபோல மடக்கி, கிழித்த துண்டால் இறுக்கி மேலே கம்பியில் கட்டினாள். வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. இந்த வேலைக்குத்தான் அஞ்சு தை பிறந்து போயிருந்தது.

நிமிர்ந்தபோது பச்சியப்பன் முன்சீட்டில் இல்லை. பின்பக்கம் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கை, கதவில்லாத பக்கத்தின் வழியாக உள்ளே நீண்டு, தம்பியின் பாதத்தின் மேல் இருந்தது.

"கால் ஜில்லுன்னு இருக்குது" என்றார்.

"காலைலருந்தே அப்பிடித்தாங்க மாமா."

அவர் பீடியை ஓர் இழுப்பு இழுத்தார். கட்டியிருந்த நெற்றியைப் பார்த்தார். மார்பைச் சுற்றியிருந்த வயரைப் பார்த்தார். தீர்த்தம்மாளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பீடியைக் கீழே போட்டு, அணையும்வரை நிதானமாக மிதித்தார்.

"சரி, ஏறு."

வண்டி கிளம்பியது. இந்த முறை அவர் குழி பார்த்து ஓட்டினார். கண்ணாடியைத் திருப்பவில்லை. எல்லைக்கல்லுக்கு நேராக வந்ததும், எஞ்சினை அணைக்காமல் வண்டியை நிறுத்தினார். பக்கத்தில் வேலமரம் நின்றது. ஆண்டிக்கு மேலே பிடித்த சாக்கு இன்னும் ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டிருந்தது.

"தீர்த்தம்மா."

"சொல்லுங்க மாமா."

"தண்ணி முறை விசயம். அவன் தலையாட்டுனது எனக்குத் திருப்தியில்ல. நீ சொன்ன மாதிரி வண்டி குலுங்கியிருக்கலாம். நாளைக்கு நாலு பேரு கேட்டா நல்லா இருக்காது பாரு." முன்னால் கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரலில் அன்பு இருந்தது. "உங்கிட்டத்தான் பேசறானே. நீயே ஒரு வார்த்த அவங்கிட்டக் கேட்டுச் சொல்லிடு."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குள்ளிருந்து யாரோ மாட்டை ஓட்டுகிற சத்தம் வந்தது. மரத்தடியில் ஒரு நாய் எழுந்து, உடம்பை நீட்டி முறித்துவிட்டு, வண்டியைப் பார்த்து உட்கார்ந்தது.

தீர்த்தம்மாள் குனிந்து கணவனின் வாயருகே காதை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். வண்டி நடுக்கத்தில் அவன் பற்கள் லேசாக ஒன்றோடொன்று தட்டுவது மட்டும் கேட்டது.

"என்னாங்கறான்?"

"சரின்னாருங்க மாமா."

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டங்க."

"நாலு பேரு முன்னால சொல்லுவியா?"

"சொல்லுவங்க."

"தங்கமான பையன்" என்று பச்சியப்பன் கியரைப் போட்டார்.

சொல்லாமலே கொடுத்த வாக்கை அவரும் காப்பாற்றினார். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் முதலில் இறங்கி, துண்டை வாயில் பொத்திக்கொண்டு, கூடியவர்களிடம் அவரேதான் சொன்னார். "வாசல்ல வண்டி நின்னதும், 'அண்ணா, வூடு வந்துருச்சா'ன்னான். வந்துருச்சுடான்னன். அப்பிடியே தல சாஞ்சிருச்சு. எங் கண்ணால பாத்தன்." கேட்டவர்கள் உருகிப்போனார்கள். காளியப்பன் கொடுத்துவைத்தவன் என்றார்கள். தீர்த்தம்மாளுக்கு இப்போது அழ அனுமதி கிடைத்தது. அழுகைதான் வரவில்லை. வண்டியில் திறந்த வாயை மூடியபோதே அது நின்றுபோயிருந்தது.

உடம்பை இறக்க முடியவில்லை. முடிச்சு இறுகிவிட்டிருந்தது.

"எதுக்கும்மா இப்பிடிக் கட்டுன?" என்று பங்காளி மாதேஸ்வரன் கேட்டான்.

"குலுங்குச்சு" என்றாள்.

"அருவா கொண்டா" என்றார் பச்சியப்பன். காளியப்பன் அஞ்சு வருஷமாக ஓர் அங்குலம் வெட்டாத வயரை, அவனுடைய அண்ணன் இரண்டே வெட்டில் வெட்டினார். ஒரு பொறி தெறித்தது. கருகிய வாசனை வந்தது. யாரும் கவனிக்கவில்லை. நாலு பேர் பிடித்துத் தூக்கி, நிலைப்படியைத் தாண்டி, கூடத்தில் கிடத்தினார்கள். அவன் கேட்ட இடத்தில்.

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணி வேண்டும் என்றார்கள். வாயைக் கட்ட, நெற்றியில் இருந்ததே போதுமாக இருந்தது. பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி வெளியே ஓடி, வண்டிக்குள் கண்ணில் பட்ட துண்டுத்துணியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். அவிழ்த்ததும் வளையங்கள் எல்லாம் மறுபடி கீழே விழுந்து தொங்கின.

ராத்திரி பெரியவர்கள் முன்னால் தண்ணி முறைப் பேச்சு வந்தது. "தீர்த்தம்மாவயே கேளுங்க. அவ பக்கத்துல இருந்தா" என்றார் பச்சியப்பன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க. சரின்னாருங்க" என்றாள்.

"எப்ப சொன்னாரு?" என்றார் பெரியவர்களில் ஒருவர்.

"உசுரோட இருக்கறப்ப" என்றாள். பச்சியப்பன் மட்டும் தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்தார்.

காலையில் எல்லாம் தயாராயிற்று. பறை வந்தது, பாடை வந்தது, பொம்மிடியிலிருந்து மகள் வந்து அம்மாவுக்கும் சேர்த்து அழுதாள். பாடையைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது, சந்து வழியை அடைத்துக்கொண்டு வண்டி நிற்கிறது. மறுபடி கூடத்திலேயே இறக்கி வைத்தார்கள்.

"நகத்தறன், நகத்தறன்" என்று பச்சியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். ஒன்றுமில்லை. திருகினார். குனிந்து வளையங்களுக்குள் கையை விட்டுத் துழாவினார். சட்டை முதுகு நனைந்தது. பறையடிக்கிறவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஊரே பார்த்தது.

"தீர்த்தம்மா!" என்று அங்கிருந்தே கத்தினார். "எந்த வயரும்மா இது?"

அவள் பிணத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை, ஆனாலும் சந்துக்கோடி வரைக்கும் கேட்டது.

"அவரையே கேளுங்க மாமா. நீங்க கேட்டா தலையாட்டுவாரு."

யாரோ ஒரு பெண், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். பச்சியப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேற்று எல்லைக்கல்லைப் பார்த்த மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்கடா" என்றான் மாதேஸ்வரன். ஆறேழு பேர் பின்னால் கை கொடுத்தார்கள். வண்டி அசைந்தது. தொங்கிய வளையங்கள் ஆடின. ஆடியதில் ஏதோ இரண்டு நுனிகள் ஒன்றையொன்று தொட்டு, அப்படியே சிக்கிக்கொண்டன.

ஹாரன் அலறியது. நிற்கவில்லை. தள்ளியவர்கள் கையை எடுத்துவிட்டுக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பச்சியப்பன் இரண்டு கையாலும் வயரைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. லாரி நீளத்துக்கு வயர் இருந்தது. தொப்பூர் மலையில் கேட்க வேண்டிய சத்தம் அந்தச் சந்தில் கேட்டுக்கொண்டே இருந்தது.

காளியப்பனின் கட்டைவிரல் கட்டு, தூக்கி இறக்கியதில் தளர்ந்திருந்தது. தீர்த்தம்மாள் குனிந்து துணியை அவிழ்த்தாள். அதில் கிரீஸ் கறை இருந்தது. இரண்டு விரல்களையும் மறுபடி சேர்த்து, நுனிகள் வெளியே தொங்காமல் உள்ளே மடித்துச் செருகி, சோளத்தட்டு முடிச்சாகப் போட்டு இறுக்கினாள்.